புத்தூர்க் கட்டு

ஆறாவது ரீல் இல்லை என்று
பெட்டியைத் திறக்குமுன்பே சொல்லிவிட்டான் முனிரத்தினம்.
மறைக்கிற ஆளில்லை.
நகரியில் அவன் கிடங்கைச் சுற்றி விசைத்தறிகள்;
உதடு பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.
கிலோ தொண்ணூறு. தகரப்பெட்டி தனி.

பெயர் அட்டை அறுந்துபோன படம்.
எந்த வருஷம், எவன் எடுத்தான், தெரியாது.
தெலுங்கில் அசையும் வாய்களுக்குத்
தமிழ் ஒரு சொல் பிந்தி வந்து சேர்கிறது,
பள்ளிப்பட்டு பஸ்ஸைப் போல.
மூடியைத் திறந்தால் புளித்த காடி வாசனை.
வீட்டில் அதற்கென்றே ஒரு ஜன்னலை
மூடவிடுவதில்லை நான்.

"நல்ல படமா?" என்றாள் கோமளவல்லி.
இல்லை.
"பின்னே?"

பகலில் எடுத்து இருட்டாக்கிய இரவு அதில் வருகிறது.
நிழல்கள் மட்டும் ஒத்துழைக்கவில்லை.
கொசஸ்தலை மணலில் துரத்தும்போது
நாயகனுக்கு மூச்சு வாங்குகிறது.
நடிப்பல்ல, ஓடத் தெரியாதவன்.
கத்திக்குத்து விழும் சந்தையில்
கைலி கட்டிய ஒருவன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான்.
அவனை வெட்டி எறிய
அந்தக் கம்பெனியில் யாருக்கும் நேரமில்லை,
அல்லது ஃபிலிம் இல்லை.
பெரிய படங்களில் அவனைப் போன்றவர்களை
கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருப்பார்கள்.
இதையெல்லாம் அவளிடம் சொன்னேனா?
"சும்மாதான்" என்றேன்.

பகலெல்லாம் கரும்பு லாரிகளை
எடைமேடையில் ஏற்றி இறக்குகிற எனக்கு
எடை தெரியும்.
ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்
ஒரு கொலை இருக்கிறது.
ஐந்தில் உயிரோடு வெற்றிலை மடித்தவள்
ஏழில் சட்டத்துக்குள் மாலையோடு.
யார் செய்தது என்று
எட்டாவது ரீலும் சொல்லவில்லை.
எல்லோருக்கும் தெரியுமே என்கிற மாதிரி
போலீஸ் ஜீப் கிளம்பிப் போகிறது.

ஆறு மாதம் கழித்து முனிரத்தினமே போன் செய்தான்.
ஏகாம்பரகுப்பம் தாண்டி ஒரு மாந்தோப்பு.
ரெட்டெம்மா என்கிற அம்மாள்
கிளி விரட்ட மரத்துக்கு மரம்
ஃபிலிம் கட்டியிருக்கிறாள்,
அவன் கிடங்கில் பழம்பேப்பரோடு வாங்கியதாம்.

போய் நின்றேன்.
காற்றடித்தால் தோப்பே படபடக்கிறது,
வெயில் ஒவ்வொரு கட்டமாய்ப் புகுந்து வருகிறது.
பெங்களூராக்களுக்கு நடுவே
ஏணி போட்டு ஏறிப் பிடித்துப் பார்த்தால்
முக்கால்வாசி வெளுப்பு.
மாம்பால் வழிந்த கறை. எச்சம்.
ஒரு துண்டில் மட்டும்
வளையல் போட்ட கை, கதவுத் தாழ்ப்பாளில்.

"எல்லாம் கொடுத்தா காய் யாரு காப்பாத்தறது?"
அவளுடைய தமிழ் எல்லைக்கு இந்தப் பக்கத்தது.
ஐந்நூறு கொடுத்தேன். அரிவாளால் அளந்து
பதினோரு அடி அறுத்துக் கொடுத்தாள்.

பதினோரு அடி என்றால் ஏழு நொடி.

எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போகிற ஊர் எங்களுடையது.
பச்சிலை, முட்டை, மூங்கில் பத்தை.
நான் பிளேடும் ஒட்டுநாடாவும் வைத்துக்
கட்டுப் போட்டேன்.
மொட்டைமாடிச் சுவரில் ஓட விட்டபோது
வெள்ளை, வெள்ளை, ஒரு பச்சைக் கறை,
தாழ்ப்பாள் திறக்கிற கை,
மறுபடி வெள்ளை.
உடனே மாலை போட்ட படம்.
கதவைத் திறந்தவள் அவளேதான்.
தெரிந்தவனுக்குத்தான் திறந்திருக்கிறாள்.
கோமளவல்லி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
"இன்னொரு தரம் போடு" என்றாள்.

பாலக்காட்டிலிருந்து உண்ணிச்செக்கன்,
என்னைப் போலவே ஒரு கிறுக்கன்,
மூன்று மடங்கு விலை சொன்னான்.
கறையைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாமாம்.
துடைத்தால் பிறகு எதை வாங்குகிறாய் என்று கேட்டேன்.
வெகுநேரம் பேசவில்லை. லைனில்தான் இருந்தான்.

நேற்று ரெட்டெம்மா கூப்பிட்டாள்.
அறுத்துக் கொடுத்த மரத்தில் கிளி இறங்கிவிட்டதாம்.
வேறே படம் இருந்தால் கொண்டு வரச் சொன்னாள்.
சண்டைப் படமானால் நல்லது.